டிஸ்க்குக்கு வைத்த சந்தனம்

எது வேணும், எது வேணும்னு கேட்டுக்கிட்டே நிக்கி இந்தச் சவம். மணி பத்தே முக்கால் ஆச்சு. பன்னெண்டுக்கு ஜெபராணி வந்துருவா, அதுக்குள்ள நான் ஒண்ணைத் தொட்டாகணும். லேப்டாப் திரையில சின்னதா ஒரு கட்டம். அதுல ‘ஃபைல் சிஸ்டம்’னு ஒரு வரி. அந்த வரியைத் தொட்டா கீழ ரெண்டு பேரு தொங்குது, என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட். மறுபடி தொட்டா சுருண்டு உள்ள போயிருது. இதோட நாப்பது தடவை தொட்டுட்டேன், நாப்பது தடவையும் அதே ரெண்டு பேருதான். மூணாவதா ஒண்ணு வந்துராதான்னு ஒரு நப்பாசை. ஹால்ல ஃபேன் கடகடன்னு சுத்துத சத்தம் கேக்கு. அதுக்கு அடியில கட்டில்ல இவுக, எங்க வீட்டுக்காரவுக. இந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்ச ஒரே ஆளு இந்த வீட்ல இவுகதான். பன்னெண்டு அடி தூரத்துல கண்ணை முழிச்சுக்கிட்டுப் படுத்திருக்காவ. நான் எந்திரிச்சுப் போய்க் கேட்டா ‘சரி’ம்பாவ. என்டிஎஃப்எஸ் போடவான்னாலும் சரி. எக்ஸ்ஃபேட் போடவான்னாலும் சரி. தண்ணி வேணுமான்னா சரி, இடுப்பு வலிக்கான்னா சரி, நான் யாருன்னு சொல்லுங்கன்னு ஒரு நாள் அழுதுக்கிட்டே கேட்டேன், அதுக்கும் சரி. ஏழு மாசத்துக்கு முன்னால மூளையில ரத்தம் அடைச்சு வலது கையும் காலும் விழுந்தப்ப, வாயில மிஞ்சுனது அந்த ஒரு சொல்லுதான். மத்த சொல்லெல்லாம் எங்க போச்சுன்னு டாக்டர்கிட்டக் கேட்டேன். எங்கயும் போகலம்மா, உள்ளதான் இருக்கும், எடுக்கத்தான் வழி தெரியலன்னாரு. உள்ளதான் இருக்குமாம். நல்லா ஆறுதல் சொன்னாரு.

ஜெபராணி பேச்சுப் பயிற்சி குடுக்கதுக்கு வாரத்துல ரெண்டு நாள் வருவா. தங்கமான பிள்ளை. படத்தை நீட்டி, இது என்ன சார், பூனை, எங்க சொல்லுங்க, பூ... ம்பா. இவுக நெத்தி வேர்த்து, உதட்டைக் குவிச்சு, கழுத்து நரம்பெல்லாம் எந்திரிச்சு, கடைசியில ‘சரி’ம்பாவ. காலேஜ் லைப்ரரியில முப்பத்தொரு வருசம் இருந்த மனுசன். எந்தப் புஸ்தகம் எந்த அலமாரியில எத்தனாவது தட்டுலன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாவ, இப்ப ஒரு பூனையை எடுக்க முடியல. போன வாரம் அவ சொன்னா, சாரோட பழைய குரல் எதுவும் இருந்தாத் தேடி வைங்கம்மா, அவரு வீட்ல உள்ளவங்களைப் பேரு சொல்லிக் கூப்பிட்டது மாதிரி ஏதாவது, போட்டுக் கேக்க வைப்போம், சிலருக்கு அதைப் பிடிச்சுக்கிட்டு ஒரு சொல்லு ரெண்டு சொல்லு வரும், வராட்டாலும் நட்டமில்லன்னு. எனக்குச் சிரிப்பாணி வந்துட்டு. இவுக குரலுக்கா பஞ்சம்? ரிட்டையரானப்புறம் ஆறு வருசம் இந்த மேசையிலதானே உக்காந்து வாசிச்சுத் தள்ளுனாவ. கண்ணு தெரியாத பிள்ளைகளுக்குப் பாடப்புஸ்தகத்தை எல்லாம் சத்தமா வாசிச்சு ரெக்கார்டு பண்ணி அனுப்புவாவ. வரலாறு, பொருளாதாரம், இலக்கணம், சர்க்கார் பரீட்சைக்குண்டான தலையணை தலையணையான புஸ்தகம். எல்லாம் ரெண்டு டிஸ்க்குல இருக்கு. உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புப் பொட்டி ரெண்டு. ஆனா எனக்கு வேண்டியது அந்த வரலாறும் பொருளாதாரமும் இல்ல. ஒவ்வொரு தடவையும் ரெக்கார்டை ஓட விட்டுட்டுத்தான் இவுகளுக்கு அடுப்படி ஞாபகமே வரும். “ஏளா வடிவு, மிக்ஸியை நிறுத்து, வாசிக்கப் போறேன்.” சில நாள் வெறும் வடிவூதான். முதல்ல குரலை மேல ஏத்தி, கடைசி எழுத்தை இழுத்து, இழுப்புலயே மெல்லக் கீழ இறங்குவாவ. கல்யாணமான புதுசுல இருந்தே அந்த இழுப்புதான். அப்புறம் மத்தியானம் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்து, இருமுனது, குக்கர் விசில், என் பேரு எல்லாத்தையும் வெட்டிட்டு, பாடத்தை மட்டும் பிள்ளைகளுக்கு அனுப்புவாவ. ஒரு மணி நேரப் பாடத்துல ஒன்னைய மட்டும் ஏழு இடத்துல வெட்டியிருக்கேன் பாத்துக்கன்னு கேலி வேற. வெட்டுங்க வெட்டுங்க, ஒரு நாள் தேடுவியன்னு நானும் சொல்லியிருக்கேன். வாயைக் கழுவணும். தேடுதது யாரு இப்ப? வெட்டாத பதிவுல ஆறு வருசத்துக்கு எத்தனை ஆயிரம் வடிவு கிடக்கும். எனக்கு ஒண்ணு போதும்.

குக்கர்ல எத்தனை விசில் வந்துச்சு? ரெண்டா, மூணா? எண்ண மறந்துட்டேன். குழைஞ்சாலும் நல்லதுதான், இவுகளுக்குக் குழைஞ்சாத்தான் முழுங்க முடியுது. சனிக்கிழமையும் இப்படித்தான் குக்கரை வச்சுட்டு வந்து உக்காந்தேன். இவுக பழைய கம்ப்யூட்டர் ஏழு மாசம் தொடாமக் கிடந்து எந்திரிக்கவே இல்ல. சர்வீஸ்காரர் பேச்சிமுத்து பாத்துட்டு, இது தேறாதும்மான்னு எடுத்துட்டுப் போயிட்டாரு. மக உலகம்மை மஸ்கட்ல இருந்துக்கிட்டே சொல்லி இந்தப் புது லேப்டாப்பை வீட்டுக்கு வர வச்சுட்டா. விண்டோஸ் போட்டது. சனிக்கிழமை மேசை டிராயரைத் திறந்து ரெண்டு டிஸ்க்குல ஒண்ணைக் கைக்கு வந்தபடி எடுத்தேன். ரெண்டும் ஒண்ணுபோல இருக்கும், ரெண்டுக்குள்ளயும் ஒண்ணுதான் இருக்கும்னு நினைச்சேன். ஒண்ணு போனா ஒண்ணு இருக்கணும்னு இவுக சொல்லிக் கேட்டிருக்கேன்லா. இவுகளையும் சக்கர நாற்காலியில வச்சுத் தள்ளிட்டு வந்து பக்கத்துல நிறுத்தி, இந்தாங்க ஒங்க சொத்துன்னு டிஸ்க்கை இடது கையில குடுத்தேன். கொஞ்சம் சந்தோசப்படட்டும்னு. இவுக என்ன பண்ணுனாவ, அதைப் பின்பக்கமாத் திருப்பி, பெருவிரல் நகத்தால சந்தனத்தைச் சுரண்ட ஆரம்பிச்சுட்டாவ. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நான் எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வைப்பேன், அரிவாமணை, தையல் மிசின், மிக்ஸி, இவுக கம்ப்யூட்டர், ரெண்டு டிஸ்க்கு. பூஜைக்கு வச்ச சந்தனத்தை, அதுவும் இடது கையால, நகத்தைப் போட்டுச் சுரண்டுதாவளேன்னு எனக்குப் பொறுக்கல. வெடுக்குன்னு பிடுங்கிட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி என்ன இதுன்னு ஒரு அதட்டும் போட்டேன். அதட்டியிருக்க வேண்டாம். அப்புறம் வயரை மாட்டுனேன். இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தணும்னா முதல்ல ஃபார்மட் பண்ணணும்னு இங்கிலீஷ்ல வந்துச்சு. இருபத்தெட்டு வருசம் தாலுகா ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா இருந்தவ நான். மேல இருந்து ‘வேண்டும்’னு தாள் வந்தா வேணும்தான், எதுக்குன்னு கேக்குத பழக்கம் கிடையாது. இருந்தாலும் கேட்டேன், ஏங்க, ஃபார்மட் பண்ணணுமாம், பண்ணவான்னு. “சரி.” பண்ணிருதேன் என்னான்னேன். “சரி, சரி, சரி.” இடது கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாவ. எனக்கு அது உற்சாகமாத் தெரிஞ்சுது. கட்டத்துல எது மேல இருந்துச்சோ அதையே விட்டுட்டு, என்டிஎஃப்எஸ், அழுத்துனேன். ரெண்டு நிமிசம்கூட ஆகல. திறந்து பாத்தா கழுவி வச்ச பாத்திரம் மாதிரி சுத்தமா இருக்கு.

அப்பவும் எனக்குப் புத்தி வரல பாருங்க. பேச்சிமுத்துவுக்குப் போன் போட்டேன். டிஸ்க் வேலை செய்யுதான்னு எதையாவது ஏத்திப் பாருங்கம்மான்னாரு. போன்ல இருந்து பேத்தி காதுகுத்து வீடியோவை ஏத்துனேன். அழகா ஏறி உக்காந்துக்கிட்டு. சாயங்காலம் வரைக்கும் திறக்கதும் மூடுததுமா இருந்தேன், காதுகுத்து மட்டும்தான் இருக்கு, நாலு நிமிசம், பிள்ளை வீல்னு அழுதுது. ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும்தான் எனக்கு உறைச்சுது. அழிச்சுட்டேன். உலகம்மைகிட்டச் சொல்லல. என்னன்னு சொல்லுவேன்? ஒங்க அப்பா வாயில ஒண்ணும் இல்ல, பொட்டியில இருந்ததையும் நான் தொடச்சுட்டேன்னா? இன்னிக்குக் காலையில ரெண்டாவதை மாட்டுனேன். அதே வாசகம். திரும்பவும் பேச்சிமுத்து. அவரு வேற வேலையில இருந்தாரு போல, பின்னால ட்ரில்லு போடுத சத்தம். அன்னைக்கு நீங்க என்டிஎஃப்எஸ் குடுத்துட்டிய, அதான் உள்ள உள்ளது தெரியல, எக்ஸ்ஃபேட் குடுத்துப் பாருங்கம்மா, அது எல்லாத்துலயும் ஓடும்னாரு. குடுத்தா உள்ள இருக்கது வந்துருமான்னு கேட்டேன். வரணும்னாரு. வரணும்னா வருமா, வராதா? அதுக்குள்ள வச்சுட்டாரு. அவரு மேல தப்பில்ல, அவருக்கும் தெரியல, தெரியலன்னு சொல்லத்தான் யாருக்கும் வாய் வரமாட்டேங்குது. ஆக, சரியானதைச் சொன்னா கதவு திறக்கும், தப்பானதைச் சொன்னா வீடே இடிஞ்சு விழும். ரெண்டுல எது சரி? அழுத்தலாம்னு விரலை வைக்கேன், எடுத்துருதேன். வேண்டாம்னு சொல்லுத பட்டனும் ஒண்ணு பக்கத்துல இருக்கு, கேன்சல். இந்தப் பொட்டிகிட்ட வேண்டாம்னு சொல்லவும் பயமா இருக்கு. கேன்சல்னா எதைக் கேன்சல் பண்ணும், கேள்வியையா, டிஸ்க்கையா?

இவுகளா இருந்தா என்ன செய்வாவ? இவுக மூணு வாரம் எடுத்துக்கிட்டாவல்லா. ஆமா, மூணு வாரம். இந்த டிஸ்க் ரெண்டையும் வாங்குன புதுசுல, இதே ஃபைல் சிஸ்டத்துக்கு மூணு வாரம் மண்டையைப் போட்டு உடைச்சாவ. உலகம்மைக்கு மாப்பிள்ளை பாத்தப்பகூட இவ்வளவு விசாரிக்கல, அது ஒரே மாசத்துல முடிஞ்சு போச்சு. தாள் தாளா எழுதி, இது நல்லதா அது நல்லதா, கரண்டு போனா எது தாங்கும், பத்து வருசம் கழிச்சு எது நிக்கும்னு. நான் முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தேன், இவுக வந்து எதிர்ல உக்காந்துக்கிட்டு விளக்குனாவ. பத்தாயிரம் புஸ்தகத்தை ஹால்ல கொட்டி வச்சா அது லைப்ரரி ஆயிருமா? எது எங்க இருக்குன்னு ஒரு கேட்லாக் வேணும்லா? அந்தக் கேட்லாக்தான் ஃபைல் சிஸ்டம். அது போச்சுன்னா புஸ்தகம் தட்டுலயேதான் இருக்கும், ஒருத்தனாலயும் எடுக்க முடியாது. நான் கீரையில புழு இருக்கான்னு பாத்துக்கிட்டே உம் கொட்டுனேன். அப்ப ஃபார்மட்னா என்னன்னு கேட்டேனா? கேட்டிருப்பேன், இல்லாட்டா இது எப்படி ஞாபகம் இருக்கு? கேட்லாக்கைக் கொளுத்திட்டுப் புதுசா வெறும் நோட்டு ஒண்ணு வைக்கதுன்னாவ. புஸ்தகம் அங்கனயே கிடக்கும், ஆனா தட்டு காலின்னு நினைச்சு அடுத்து வாரவன் அது மேலயே புதுப் புஸ்தகத்தை வைப்பான், அங்கதான் ஆபத்துன்னாவ. அடுத்து வாரவன். அது நான்தான். காதுகுத்தைக் கொண்டுபோய் எது மேல வச்சேனோ. எந்தத் தட்டுல எந்த வடிவு மேல உக்காந்து அந்தப் பிள்ளை அழுதோ. டாக்டர் சொன்னதும் இதேதான்லா, உள்ள இருக்கும், எடுக்க வழியில்ல. ரெண்டையும் சேத்து நினைக்கக் கூடாதுன்னு தள்ளித் தள்ளி விடுதேன், அது திரும்பத் திரும்ப வந்து ஒட்டிக்கிடுது.

நெத்தியில வேர்வை கண்ணுக்குள்ள இறங்கி எரியுது. வெளிய கத்திரி வெயில், ஜன்னல் கம்பியைத் தொட முடியல. அடுப்படிக்குப் போய் அடுப்பை அணைச்சுட்டு வந்துட்டேன். அம்மியில தேங்கா பாதி அரைச்சது கிடக்கு. ஏழு மாசமா அம்மிதான். மிக்ஸி மேல துணியைப் போட்டு மூடி வச்சிருக்கேன். உலகம்மை கேட்டா, ஏம்மா இந்த வயசுல அம்மியில போட்டு இழுக்கேன்னு. ருசியா இருக்குட்டின்னேன். ருசியாம். அன்னைக்கும் மணி பதினொண்ணு இருக்கும். ஆயுத பூஜை முடிஞ்சு பத்து நாள். இவுக இந்த மேசையில, நான் அடுப்படியில, மிக்ஸியில மொளகாயும் தேங்காயும் ஓடுது. ரெண்டு நிமிசமா, நாலு நிமிசமா, எத்தனை தடவை நினைச்சுப் பாத்தாலும் அந்தக் கணக்கு மட்டும் தட்டுப்பட மாட்டேங்குது. நிறுத்துனப்ப வீடு அமைதியா இருந்துச்சு. என்ன, இன்னிக்கு நிறுத்தச் சொல்லாமயே இருக்காவளேன்னு எட்டிப் பாத்தேன். நாற்காலியில ஒரு பக்கமாச் சாஞ்சு, வாய் கோணி, என்னையவே பாத்துக்கிட்டு இருக்காவ. எவ்வளவு நேரமாப் பாத்துக்கிட்டு இருந்தாவளோ. திரையில ரெக்கார்டு ஓடிக்கிட்டு இருக்கு, சிவப்புப் புள்ளி மின்னி மின்னி. கூப்பிட்டிருப்பாவளா? கை விழுதப்ப, நாக்கு விழுததுக்கு முன்னால, ஒரு தடவை வடிவூன்னு கூப்பிட்டிருப்பாவளா? மிக்ஸி சத்தத்துல எனக்குக் கேக்கலியா? அந்தப் பதிவு உள்ள இருக்கு. கரண்டே போனாலும் பதிவு போகாது, தானா டிஸ்க்குல சேத்து வச்சுக்கிடும்னு இவுக பெருமையாச் சொல்லுவாவ. கடைசியா இவுக வாயில இருந்து வந்தது என்னன்னு அந்த ஒரு பதிவுக்குத்தான் தெரியும். அது எனக்கு வேணும். ஜெபராணிக்காகன்னு சொல்லுததெல்லாம் சும்மா. எனக்கு அது வேணும், அதைக் கேக்கவும் பயந்து சாகுதேன். கூப்பிட்டிருந்தாவன்னா நான் மிச்ச நாளை எப்படிக் கழிக்க? சனிக்கிழமை அப்படி ஒரே அழுத்தா அழுத்துனேனே, தெரியாமத்தான் அழுத்துனேனா? சீ. தெரியாமத்தான். இங்கிலீஷ் தெரிஞ்சவ, ஃபார்மட்னா என்னன்னு கீரை உருவும்போதே கேட்டவ, தெரியாமத்தான் அழுத்துனேன். எந்தக் கோட்டிக்காரியாவது தெரிஞ்சே செய்வாளா.

பேரு. இவுக மூணு வாரம் கழிச்சு ஒரு பேரைச் சொன்னாவல்லா, இதுதான் முடிவுன்னு. என்ன பேரு அது? சட்டையைப் போட்டுக்கிட்டு, முடிவாயிட்டுளா, இனி மாத்தப் போறதில்லன்னு சொல்லிட்டுக் கருப்பட்டி காப்பி கேட்டாவ. காப்பி ஞாபகம் இருக்கு, பேரு வர மாட்டேங்குது. எக்ஸுன்னு வரும். அப்ப எக்ஸ்ஃபேட்தானா? ஃபேட்டுன்னா நான் சிரிச்சிருப்பேன், ஒங்க தொந்தி மாதிரியான்னு கேட்டிருப்பேன். கேக்கல. கடைசியில ஒரு நம்பர் வரும். நாலு. ஆமா, நாலு, ஃபோர், மூணைத் தள்ளிட்டு நாலை எடுத்திருக்கேன்னாவ. இந்தக் கட்டத்துல நாலு எங்க இருக்கு? நாப்பத்தோராவது தடவையாத் தொட்டுப் பாத்தேன். இல்ல. இவுக எடுத்த பேரே இதுல இல்ல. அப்ப இந்த ரெண்டும் இல்லியா? அப்பத்தான் அதுவும் வந்துச்சு, காப்பியைக் குடிச்சுக்கிட்டே சொன்னது, இது நம்ம கம்ப்யூட்டர்ல ஓடுத லினக்ஸுக்காரன் அலமாரி, விண்டோஸ்காரன் கண்ணுக்கு இப்படி ஒண்ணு இருக்கதே தெரியாது, தட்டு காலின்னுதான் சொல்லுவான், நம்பிராதேன்னு. நம்பிராதே. எங்கிட்டத்தான் சொன்னாவ. நான் டம்ளரை வாங்கிக் கழுவப் போயிட்டேன். ஆனா இதை நான் நிசமாக் கேட்டேனா, இல்ல இப்ப எனக்கு வேணும்ங்கதுக்காக நானே கட்டிச் சேக்கேனா? எழுதி வச்சிருப்பாவ. லைப்ரரி ஆளுல்லா, ஊறுகாய்ப் பாட்டிலுக்குக்கூட என்னைக்குப் போட்டது, எத்தனை காயின்னு சீட்டு ஒட்டுத மனுசன். டிஸ்க்குலயும் சீட்டு ஒட்டியிருப்பாவ. ஒட்டியிருந்தாவ! பின்பக்கம் வெள்ளைச் சீட்டு. நான்தான் கறுப்புல வைக்கதை விட வெள்ளையில வச்சா எடுப்பா இருக்குன்னு வருசா வருசம் அது மேலயே சந்தனத்தை வச்சேன். ஏளா, கேட்லாக் மேலயே வைக்கியேன்னு இவுக சிரிச்சாவ, எங்க வச்சா என்ன, எல்லாம் சாமிக்குத்தானேன்னேன்.

வயரோட டிஸ்க்கைத் திருப்பிப் பாத்தேன். ஆறு பூஜைச் சந்தனம் ஒண்ணு மேல ஒண்ணு காஞ்சு, வெடிச்சு, நடுவுல குங்குமம் கறுத்துப் போய் இருக்கு. சாமியே, மன்னிச்சுக்கோன்னு சொல்லிக்கிட்டு நகத்தை வச்சேன். முதல்ல வரல, அப்புறம் செதில் செதிலா உதிருது. மை கலைஞ்சிருக்கும்னு நினைச்சேன், கலையல. புஸ்தக முதுகுல நம்பர் ஒட்டி மேல கண்ணாடி டேப் ஒட்டுவாவல்லா, அதே மாதிரி டேப்பு ஒட்டியிருக்காவ. அடியில எழுத்து புதுசா இருக்கு. மணி மணியா, இவுக எழுத்து. ‘ஈஎக்ஸ்டி 4’. அதுக்குக் கீழ சின்னதா, ‘விண்டோஸில் மாட்டினால் ஃபார்மட் கேட்கும். கேன்சல் கொடுக்கவும்.’ வாய் விட்டுச் சொல்லுத மாதிரியே இருக்கு. கொடுக்கவும்னு மரியாதையா வேற. கொடுத்துட்டேன் மகராசா. கேன்சல். கட்டம் காணாமப் போச்சு. ஒண்ணும் ஆகல, டிஸ்க்கு சின்னதா உறுமிக்கிட்டு அப்படியேதான் இருக்கு. ஒண்ணு தப்பிச்சுட்டு. லினக்ஸ் தெரிஞ்ச ஆளு ஊர்ல ஒருத்தர் இல்லாமலா போயிருவாவ, இவுக இருந்த காலேஜ்லயே கேக்கலாம், இன்னிக்கு இல்லாட்டா நாளைக்கு, ஜெபராணிகிட்ட ஒரு வாரம் பொறுத்துக்கம்மான்னு சொல்லிரலாம். சிரிச்சேன்னு நினைக்கேன். சிரிச்சுக்கிட்டே மிச்சச் சந்தனத்தையும் சுரண்டுனேன், மேல இன்னும் ஒரு வரி இருந்துச்சு. ‘2. திருத்திய பதிவு.’

திருத்துனதுன்னா வெட்டுனது. இருமல் இல்லாதது, விசில் இல்லாதது, வடிவு இல்லாதது. அப்ப ஒண்ணாம் நம்பர்? டிராயர்ல இருந்து சனிக்கிழமை டிஸ்க்கை எடுத்தேன். இதுல ஒரு ஓரத்துல சந்தனம் ஏற்கெனவே பேந்திருக்கு, நாலு நகக் கீறல். இவுக கீறுனது. அங்க இருந்தே நானும் தொடங்குனேன். ‘1.’ அது ஏற்கெனவே தெரிஞ்சுது, இவுக அது வரைக்கும் வந்திருக்காவ. இன்னும் ரெண்டு நகம் போட விட்டிருந்தேன்னா போதும். ‘1. மூலப் பதிவு. வெட்டாதது.’ கீழ அதே ‘கேன்சல் கொடுக்கவும்.’ ரெண்டும் ஒண்ணில்ல. ஒரு நாளும் ஒண்ணா இருந்ததில்ல. நானா நினைச்சுக்கிட்டேன். வெட்டாதது எல்லாம் இதுல இருந்துச்சு, நான் பேசுனது, இவுக அதட்டுனது, விசில், மழை, வடிவு, வடிவு, அந்தக் கடைசிப் பதினோரு மணியும். இதைத்தான் இவுக சொன்னாவ. வாயால முடியாம நகத்தால சொன்னாவ. ஏழு மாசத்துல இவுக எங்கிட்ட முழுசாச் சொல்ல வந்த ஒரே சமாச்சாரம், அதை இடது கைன்னு பிடுங்கிட்டேன். இருக்கதே அந்த ஒரு கைதானே, வேற எந்தக் கையால தொடுவாவ? அப்புறம் சரி, சரி, சரின்னு கையை ஆட்டுனது. வேண்டாம், வேண்டாம், வேண்டாம். அன்னைக்கு மத்தியானம் சோறு ஊட்டுததுக்கு முன்னால இவுக நகத்துல இருந்த சந்தனத்தைத் தண்ணியில முக்கி முக்கி நான்தான் சுத்தம் பண்ணுனேன். பொறுமையாக் கையைக் காட்டிக்கிட்டு என் மூஞ்சையே பாத்துக்கிட்டு இருந்தாவ.

கேட்லாக்தான் போயிருக்கு, புஸ்தகம் கிடக்கும், காதுகுத்து எவ்வளவு இடத்தை அடைச்சிரும், நாலே நிமிசம்தானே, அந்தப் பதினோரு மணி மேலயா போய் உக்காந்திருக்கும், உக்காந்திருக்காது, உக்காந்திருந்தா? தெரிஞ்சவங்க எடுத்துருவாங்களா, எடுத்தா நான் கேப்பேனா, கேட்டு அதுல வெறும் மிக்ஸி சத்தம் மட்டும் இருந்தா? மிக்ஸி சத்தம் மட்டும் இருந்தா நல்லதா கெட்டதா? ஹால்ல இருந்து “சரீ...”ன்னு சத்தம். இடுப்பா இருக்கும், திருப்பிப் படுக்க வைக்கணும். எந்திரிச்சேன். மறுபடி “சரீ...” முதல்ல ஏறி, கடைசி எழுத்தை இழுத்து, இழுப்புலயே மெல்லக் கீழ இறங்கி. நின்னுட்டேன். ஏழு மாசமா என்னைய இப்படியா கூப்பிட்டாவ? இல்ல இன்னிக்குத்தானா? நான் தண்ணின்னும் இடுப்புன்னும் ஓடுனேனே தவிர, ஒரு நாளும் காது குடுத்துக் கேக்கலியே. இல்ல, இதையும் நானே கட்டிச் சேக்கேனோ என்னமோ. “இந்தா வந்துட்டேன்”னு சொல்லிட்டுப் போய்க் கட்டில்ல உக்காந்தேன். இடுப்புக்குக் கீழ கையைக் குடுத்துத் தூக்கப் போனேன், இவுக தூக்க விடல. இடது கையால என் வலது கையைப் பிடிச்சு, கிட்டக் கொண்டு வந்து, விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாத்தாவ. என் நகத்துக்குள்ள சந்தனம். ரொம்ப நேரம் அதையே பாத்தாவ. பெருவிரலால என் பெருவிரல் நகத்தை ஒரு தடவை தடவுனாவ. அப்புறம் மெதுவா, “சரி.” என்னை மன்னிச்சுச் சொன்னாவளா, எல்லாம் போச்சுன்னு சொன்னாவளா, சோறு கேட்டாவளா, எனக்குத் தெரியல. வாசல்ல ஜெபராணி செருப்பைக் கழட்டுத சத்தம் கேட்டுச்சு.